ரெண்டு பேருக்கு வச்ச செயின்

ஞாயிற்றுக்கிழமை காலை. மோட்டார் சைக்கிளைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, பின் சக்கரத்துக்கு இடது பக்கம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். செயின் கவரில் சின்ன ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அதை நெம்பி எடுத்தால் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. விரலை விட்டுச் செயினை மேலே தூக்கிப் பார்த்தேன். கொஞ்சம் ஏறி இறங்கியது.

அந்தக் கொஞ்சம் எனக்குப் பிடிக்கவில்லை.

வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, என் மனைவி செல்லத்தாய் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். கையில் எவர்சில்வர் டம்ளர். அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் அளவு. அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ஏங்க, போதும். ரெண்டு மணி நேரமா அதையே திருகிக்கிட்டு இருக்கீக."

"இன்னும் ஒரு கால் திருகுதான்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீக."

வலது பக்கம் ஒரு கால் திருகு. இடது பக்கம் ஒரு கால் திருகு. இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும். மறுபடி விரலை விட்டுத் தூக்கினேன். செயின் அசையவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. ஆக்ஸில் நட்டை இறுக்கினேன். செயினை இழுத்ததில் சக்கரம் பின்னால் போய் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது, அதைக் கொஞ்சம் தளர்த்தினேன். ரப்பர் மூடியை அடைத்தேன். எல்லாம் முறைப்படி.

நான் நினைத்துக்கொண்டிருந்த முறைப்படி.

செவ்வாய், வியாழன், சனி

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் தறியைப் பற்றியே எழுதிக்கொண்டு வருகிறேன். வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். எழுதாததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அலுப்புதான். நாள் முழுக்கச் சுமப்பதை எழுத்திலும் எதற்குச் சுமக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

செல்லத்தாய்க்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவள் ரத்தத்தை மெஷின் கழுவித் திருப்பித் தருவதற்கு நான்கு மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஏழரை வரை பார்ப்பார்கள். அதற்கு மேல் போனால், காத்திருக்கிற இன்னொருவருக்கு அந்தக் கட்டிலைக் கொடுத்துவிடுவார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது. காத்திருக்கிறவருக்கும் இதே வியாதிதான்.

எங்கள் ஊருக்கு, திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற சாலையில் ஒரு விலக்கில் பிரிந்து, கண்மாய்க் கரையோடு உள்ளே போக வேண்டும். ஊர்ப் பெயரைப் போடவில்லை. போட்டால், 'ரோட்டைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கலாம்ல' என்று ஊரே சண்டைக்கு வரும். முதல் பஸ் விலக்குக்கு வருவதே ஏழு மணிக்கு மேல். ஆகவே எங்களுக்கு இருக்கும் ஒரே வழி இந்தப் பழைய நூறு சிசி வண்டி. நாலரைக்கு எழுந்து, சோறு வடித்து, அவளைக் குளிப்பாட்டிக் கிளப்பி, ஐந்தே முக்காலுக்கு வண்டியை எடுத்தால் சரியாக இருக்கும்.

அவள் மெஷினில் கிடக்கும் நான்கு மணி நேரம் நான் விசைத்தறி ஷெட்டுக்குப் போய் அரை ஷிப்டு பார்ப்பேன். பிறகு வந்து அவளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவேன். திங்கள், புதன், வெள்ளி முழு ஷிப்டு. ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் ஓய்வு என்று பெயர். அன்றைக்குத்தான் வண்டி வேலை.

மகள் திருப்பூரில் இருக்கிறாள். "அப்பா, வண்டிய யாராச்சும் மெக்கானிக்குட்ட விட்டுட்டு நீங்க தூங்குங்கப்பா" என்று போனில் சொல்வாள். தூங்கலாம்தான். ஆனால் நடுவழியில் நிற்கிற வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பது அவள் அம்மா. அந்த நினைப்போடு எப்படித் தூக்கம் வரும்?

முள்ளும் சக்கரமும்

சக்கரம் கழற்றுவதை நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. கண்மாய்க் கரை முழுக்க வேலிக்கருவை. ஆட்டுக்காரர்கள் காய்க்காகக் கொப்பை வெட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். முன் டயர் அந்த முள்ளைப் புரட்டி நிமிர்த்திவிடும், பின் டயர் அதை வாங்கிக்கொள்ளும். காலை ஐந்தே முக்காலுக்கு எந்தப் பஞ்சர் கடை திறந்திருக்கப் போகிறது? அதனால் ஒரு ட்யூபை மாற்றுவதற்கு எப்போதும் வீட்டில் வைத்திருக்கிறேன். பிரேக் கம்பியைக் கழற்றி, ஆக்ஸிலை உருவி, சக்கரத்தை வெளியே எடுத்து, ட்யூபை மாற்றி மாட்ட இப்போது எனக்கு அரை மணி நேரம் போதும்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஒருமுறை எல்லாவற்றையும் மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக எழுந்தேன். சாக்கின் மேல் உருளையாக ஒரு சின்ன இரும்பு மிச்சம் கிடந்தது.

"இது யாரோடது?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

ஆக்ஸிலில் சக்கரத்தின் பக்கத்தில் வர வேண்டிய புஷ் அது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். அதற்குப் பிறகு பல நாள், நான் ஸ்பேனரை எடுத்தாலே, "எல்லாத்தையும் எண்ணி வச்சுக்கிட்டுக் கழட்டுங்க" என்பாள். அப்போது அவளுக்குச் சிரிக்கிற அளவுக்குத் தெம்பு இருந்தது.

செயினைச் சுத்தம் செய்வதற்கு ஷெட்டிலிருந்து கழிவு நூல் கொண்டுவருவேன். செயின் கவரைக் கழற்றி, ஒரு கைப்பிடி நூலை மண்ணெண்ணெயில் நனைத்து, செயினைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் கருப்பாக வழிந்துவரும். கரிசல் புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் அரைத்த எள்ளு மாதிரி இருக்கும். பல்லுக்குப் பல்லு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு துடைத்து, காயவிட்டு, புது எண்ணெய் அளவாக விட வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகவே வரும். இறுக்குவதில்தான் கோட்டை விட்டேன்.

ஷெட்டுக்காரன் காது

எங்கள் ஷெட் வாசலில் வரிசையாக வண்டிகள் நிற்கும். அதில் ஒன்றைத் தவிர எந்த வண்டியிலும் செயின் சத்தம் வராது. போய் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எட்டு மணி நேரம் முப்பது தறி ஒன்றாக அடிக்கும் சத்தத்துக்குள் நிற்கிறவர்கள் நாங்கள். பக்கத்தில் இருப்பவனிடம் பேச வேண்டுமென்றால் சைகைதான். முதலாளி வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ், ஷெட்டுக்குள் எல்லோருக்கும் கைப்பாஷை. ஷிப்டு முடிந்து வெளியே வந்தபிறகும் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு வண்டியை எடுக்கும்போது செயின் கவருக்குள் 'டக் டக்' என்று இன்னொன்று கேட்டால், கிறுக்குப் பிடித்த மாதிரி இருக்கும். அதனால் ஷெட்டுக்காரர்கள் எல்லோரும் செயினை இறுக்கித்தான் வைப்போம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் கை பாவில் பழகிய கை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தொய்ந்தால் துணி கெட்டுப்போகும். புறங்கையால் பாவைத் தட்டிப் பார்த்தே இறுக்கம் சரியா என்று சொல்லிவிடுவோம். முப்பது வருடமாக அதே வேலை செய்த கைக்கு, எது தொய்ந்து தொங்கினாலும் பொறுக்காது. துணி காயப்போடும் கொடியைக்கூட நான் இழுத்துக் கட்டித்தான் இரண்டு முறை ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது.

இத்தனைக்கும், மேல்காற்று அடிக்கிற மாதங்களில் நூல் காய்ந்து பட்பட்டென்று அறும்போது, பாவு உருளையில் தொங்கும் எடையைக் குறைத்து இறுக்கத்தைத் தளர்த்துவதும் நான்தான். நூலுக்குக் கொடுத்த அந்த இடத்தைச் செயினுக்கும் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரும்புதானே, தாங்கும் என்று நினைத்துவிட்டேன்.

உறுமல்

வாரத்தில் செவ்வாய்க்கிழமைதான் மோசமான நாள். மற்ற இடைவெளி எல்லாம் இரண்டு நாள். சனிக்கிழமை மெஷினை விட்டு இறங்கினால் செவ்வாய்வரை மூன்று நாள். குடித்த தண்ணீர், சோற்றில் இருக்கும் தண்ணீர் எல்லாம் அவள் உடம்பிலேயே தங்கிவிடும். அன்றைக்குக் காலையில் எழுந்ததும் அவள் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்ப்பேன். குழி விழும். அந்தக் குழி எவ்வளவு நேரம் கழித்து நிரம்புகிறது என்பதை வைத்து அவள் எவ்வளவு சிரமத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நான் சொல்லவந்த செவ்வாய்க்கிழமை, குழி நிரம்பவே இல்லை. நான் சோறு வடித்துவிட்டு வந்து பார்க்கும்போதும் அப்படியே இருந்தது.

வண்டியை எடுத்தோம். ஊர் எல்லை தாண்டி, கண்மாய்க் கரையில் ஏறினோம். தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் கலங்கிக் கிடந்தது. செல்லத்தாய் என் தோளைத் தட்டினாள்.

"பின்னாடி என்னமோ உறுமுதுங்க. இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஷெட்டுக்காரன் காது.

"ஒண்ணும் இல்ல. முந்தாநாள்தான எல்லாம் பாத்தேன்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தட்டினாள். "நெசமாத்தான் சொல்றேன். உக்காந்திருக்க எடத்துலயே அதிருது. ஓரமா நிப்பாட்டிப் பாருங்க."

"நேரமாச்சு செல்லத்தாய். ஒனக்கு எதுலதான் கொறை இல்ல? சும்மா இரு."

என் தோளில் இருந்த கையை எடுத்து, சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை விலகியது எனக்கு இப்போதும் தோளில் தெரிகிறது.

கரை இறங்குகிற இடத்தில் ஒரு சிறு பாலம். அதை ஒட்டி மழைத் தண்ணீர் அரித்த பள்ளம். தினமும் இறங்கி ஏறுகிற பள்ளம்தான். வண்டி இறங்கியது. பின்பக்கம் அமுங்கியது. 'படக்' என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது. இன்ஜின் ஓவென்று கத்தியது, வண்டி மட்டும் போகவில்லை. கொஞ்ச தூரம் உருண்டு போய் நின்றது. நல்லவேளையாக இருவரும் விழவில்லை.

செயின் அறுந்திருந்தது.

"எத்தன பேருக்கு வச்சீக?"

அவளைப் பாலத்துச் சுவரில் உட்கார வைத்தேன். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள். விலக்கு வரை நடப்பதைப் பற்றி நினைக்கவே முடியாது. ஊருக்குள் யாரிடமாவது வண்டி கேட்கலாம் என்று போன் போட்டேன். ஒருவர் வெளியூர், இன்னொருவர் எடுக்கவில்லை. மணி ஆறு இருபது. நான் பயந்தால் அவளும் பயப்படுவாள் என்று முகத்தைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஆட்டு லோடு ஏற்றிய சின்ன வேன் ஒன்று வந்தது. வீரசோழன் ஊர்க்காரர் காதர் பாய். எங்கள் ஊரில் ஆடு பிடிக்க வருகிறவர், முகப்பழக்கம் உண்டு. நான் கையைக் காட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கா? அக்கா, நீங்க முன்னாடி ஏறுங்க."

கதவைத் திறந்துவிட்டு, அவள் ஏறுவதற்கு ஒரு பெட்டியை எடுத்துக் கீழே போட்டார். அவள் மெதுவாக ஏறி மூச்சுவிட்டு உட்காரும் நேரத்துக்குள், என் வண்டியை அவரே தள்ளிக்கொண்டுபோய்க் கருவை மறைவில் நிறுத்தினார். குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"அண்ணே, செயினு புதுசால்ல இருக்கு? இதுக்குள்ள சக்கரம் எப்பிடி இம்புட்டு தூரம் பின்னால போச்சு?"

"சத்தம் வரக் கூடாதுன்னு நான்தான் இறுக்கி வச்சேன் பாய்."

"எத்தன பேருக்கு வச்சீக?"

எனக்குப் புரியவில்லை.

"ஸ்டாண்டுல சும்மா நிக்கயில வச்சுப் பாத்திருப்பீக. ஆளு ஏறுனா வண்டி பின்னாடி அமுங்கும்ல? அமுங்க அமுங்கச் செயினு இன்னும் இழுபடும். ரெண்டு பேரு ஏறிப் பள்ளத்துல எறங்குனா, அது எங்கிட்டுப் போகும்? செயினு ரெண்டு முனையையும் கோக்குற லாக்கு தெறிச்சிருச்சு பாருங்க. சரி சரி, ஏறுங்க, நேரமாச்சு."

முன்னால் இருவருக்குத்தான் இடம். நான் பின்னால் ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனேன். ஒரு கிடா என் வேட்டியைக் கடித்துக்கொண்டே வந்தது. நான் தடுக்கவில்லை. திருச்சுழி தாண்டியதும், அருப்புக்கோட்டை நெருங்கியதும் எதுவும் மனதில் இல்லை. 'எத்தன பேருக்கு வச்சீக' என்பது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒருவனாக உட்கார்ந்து, ஒருவர்கூட ஏறாத வண்டிக்குச் செயின் வைத்திருக்கிறேன். அந்த வண்டியின் வேலையே அவளை ஏற்றிப் போவதுதான்.

முள்ளு ஏறிருச்சு

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ஏழு நாற்பது.

அவள் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். கையில் ஊசி குத்தி, குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது. அடுத்த ஷிப்டு பதினொன்றரைக்கு மேல்தான். சிஸ்டர் அவள் எடையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். உடனே ஒரு சக்கர நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டினார்.

"ஏம்மா, செவ்வாய்க்கெழம வேற. இப்பிடி லேட்டா வரலாமா? என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் செல்லத்தாய், குழாயை ஒரு கையால் விலக்கிக்கொண்டு சொன்னாள்.

"வண்டில முள்ளு ஏறிருச்சு சிஸ்டர். பாவம், அவுக என்ன செய்வாக?"

எங்கள் பக்கம் முள் ஏறுவதற்கு யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. சிஸ்டரும் குழாயைத் திரும்பச் சரியாக மாட்டிவிட்டு நகர்ந்தார்.

அன்று நான் ஷெட்டுக்குப் போகவில்லை. நாலு மணி நேரம் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் நெஞ்சு ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணை மூடினால் எழுப்பினேன், எழுப்பினால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒரு கட்டத்தில் அவள் உதடு நிறம் மாறியது. டாக்டரைக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்து ஊசி போட்டார். இவள் போய்விட்டால் அதற்கு நான்தான் காரணம் என்று தெளிவாக நினைத்தேன். அழக்கூட முடியவில்லை. அந்த அளவுக்கு அலுத்திருந்தேன்.

பதினொன்றரைக்குக் கட்டில் கிடைத்தது. மாலையில் மெஷினிலிருந்து இறங்கும்போது அவளுக்கு மூச்சு சீராகியிருந்தது. காதர் பாய் ஆட்டை இறக்கிவிட்டு, வேலை எல்லாம் முடித்து, ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து நின்றார். திரும்புகிற வழியில் கருவை மறைவில் இருந்த வண்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள். அவர்களிடமும், "முள்ளு ஏறிருச்சு" என்றே சொன்னாள். மகளிடம் போனிலும் அதையே சொன்னாள்.

மறுநாள் சாப்பாட்டைப் போட்டுக் கொடுக்கும்போது நானே கேட்டேன்.

"முள்ளு இல்லன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும். பாய் சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

"அப்பறம் எதுக்கு எல்லார்ட்டயும் அப்பிடிச் சொல்ற?"

"செயினு அத்துப்போச்சுன்னு சொன்னா, யாரு இறுக்குனதுன்னு கேப்பாக." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். பிறகு, "அத விடுங்க. உறுமுதுன்னு ரெண்டு தடவ சொன்னேன்ல? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள்.

"தப்புதான்" என்றேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

புண்ணாக்கு மூட்டை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நடுவில் வியாழனும் சனியும் காதர் பாய் வேனில்தான் போய்வந்தோம். புது லாக்கு மாட்டியாகிவிட்டது. இனி இருவர் ஏறிய வண்டியில் செயினைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு சிக்கல். நான் ஏறி உட்கார்ந்தால் செயினை யார் பார்ப்பது?

மாட்டுக்கு வாங்கிவைத்த புண்ணாக்கு மூட்டையைத் தூக்கி வந்து முன் சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினேன். வண்டியைச் சுவரோரம் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டாண்டுக்கு அடியில் பலகை கொடுத்து, சாய்வைக் குறைத்தேன். செல்லத்தாயைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார வைத்தேன். அவள் மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுவும் ஒங்கள மாதிரித்தான் இருக்கு. சொன்னாக் கேக்காது. என்ன, இது திருப்பிக் கத்தாது."

ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சாக்கில் உட்கார்ந்து, ரப்பர் மூடியை எடுத்து, விரலை விட்டேன். அவள் பாதம் இரண்டும் என் முகத்துக்குப் பக்கத்தில் தொங்கின. செயின் கம்பி மாதிரி நின்றது. ஒரு நூல் அளவுகூட ஏறவில்லை. இப்படித்தான் இவளை அந்தப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறேன்.

மூட்டையை அவிழ்த்து, அவளை இறக்கி, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் திருப்பி, மறுபடி இறக்கி, மூட்டையைக் கட்டி, அவளை ஏற்றினேன். இன்னும் பத்தாது. மறுபடியும். சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டி வேறொரு இடத்தில் பார்த்தால் அங்கே கொஞ்சம் இறுக்கம். மறுபடியும். நான்காவது முறை ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"போதும், எறங்கிரு" என்றேன்.

"இல்ல. சரியா வைங்க."

விரலை விட்டேன். மேலே தூக்கினேன். இவ்வளவு பாரத்தோடும் செயின் மெல்ல ஏறி இறங்கியது. அப்படியே திரும்பி, பக்கத்தில் தொங்கிய அவள் கணுக்காலில் அதே விரலால் அழுத்திப் பார்த்தேன். கருப்பு எண்ணெய் ஒட்டிக்கொண்டது. குழி விழுந்தது, ஆனால் சீக்கிரமே நிரம்பியது.

"அங்க எதுக்குக் கிரீஸ் போடுறீக?" என்றாள். பிறகு, "ஏங்க, நீங்க மட்டும் போற அன்னைக்கு இது தொங்குமே? சத்தம் போடும்ல?" என்று கேட்டாள்.

"போடட்டும்."

"ஒங்களுக்குத்தான் சத்தமே ஆகாதே."

"ரெண்டு பேருக்கு வச்ச செயினு. ஒரு ஆளு போனா சத்தம் போடத்தான் செய்யும்."

இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

சத்தம்

மறுநாள் திங்கட்கிழமை, நான் மட்டும் ஷெட்டுக்குப் போனேன். கண்மாய்க் கரை ஏறுவதற்குள் செயின் கவரில் தட்ட ஆரம்பித்துவிட்டது. டக் டக், டக் டக். அருப்புக்கோட்டை போய்ச் சேருகிறவரை ஓயவில்லை. ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தினால், அடுத்த தறிக்காரன் சுப்புராஜ் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறான்.

"ஏலே, செயினு தொங்குதுலே. ஒரு திருகு திருகுனா என்ன?"

"இருக்கட்டும்லே" என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் செய்வான்.

இப்போது பல மாதம் ஆகிவிட்டது. இன்னும் வாரா வாரம் புண்ணாக்கு மூட்டையைக் கட்டி, அவளை ஏற்றி வைத்துத்தான் செயின் பார்க்கிறேன். திங்கள், புதன், வெள்ளி சத்தம் வரும். செவ்வாய், வியாழன், சனி, அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, என் தோளில் கையை வைத்து, "போவோம்" என்றதும் வண்டி அடங்கிவிடும். கண்மாய்க் கரை முழுக்கக் காதை அங்கேயே வைத்துக்கொண்டு ஓட்டுவேன். சத்தம் வராமல் இருக்க இருக்க எனக்கு நிம்மதி.

அவள் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டர் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. வாரம் முழுக்க அந்தச் சத்தம் கேட்கிற காலம் ஒன்று வரும் என்று தெரியும். நினைத்தால் பயமாக இருக்கிறது. வந்தாலும் நான் செயினை இறுக்கப் போவதில்லை.

இதை ஷெட் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. ஊரிலிருந்து இங்கே வருகிறவரை வண்டி தட்டிக்கொண்டேதான் வந்தது. சுப்புராஜ் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை.

நாளைக்குச் சனிக்கிழமை.